பிரெத் ஆஃப் தி வைல்ட்: ஒரே வீட்டில் மூன்று ஆட்டங்கள்

எங்கள் வீட்டுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் வந்தது 2019 தீபாவளி சமயத்தில். அதோடு வாங்கிய முதல் கேம் 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்'. 2017 மார்ச்சில் வெளியான கேமுக்கு இத்தனை வருடம் கழித்து என்ன விமர்சனம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான், தம்பி, மனைவி மூன்று பேரும் இதைத் தனித்தனி ப்ரொஃபைலில் ஆடியிருக்கிறோம். மூன்று பேருக்கும் பிடித்தும் இருக்கிறது. பிடித்ததற்கு ஒருவர் சொல்லும் காரணம் மட்டும் மற்ற இருவருக்கும் புரிவதே இல்லை.

இது எனக்கு உறைத்தது ஹீரோஸ் பாத் என்ற வசதியால். தனியாகக் காசு கொடுத்து வாங்கும் எக்ஸ்பான்ஷன் பாஸில் வருவது அது. கடைசி 200 மணி நேரம் நீங்கள் எங்கெல்லாம் நடந்தீர்களோ அதை வரைபடத்தின் மேல் பச்சைக் கோடாக ஓட்டிக் காட்டும்; செத்த இடங்களில் ஒரு பெருக்கல் குறி போடும். வாங்கிய அன்று ராத்திரி மூவரின் கோடுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம்.

தம்பியின் கோடு நெடுஞ்சாலை. ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரம், அங்கிருந்து தெய்வ மிருகம் என்ற ராட்சத இயந்திரம் இருக்கும் இடம், அது முடிந்ததும் அடுத்தது. நான்கு மிருகங்களையும் முடித்துவிட்டு நேராகக் கோட்டைக்குப் போய் கடைசி வில்லன் கேனனை அடித்துவிட்டான். நாற்பத்தைந்து மணி நேரத்தில் கதை முடிந்தது. அவன் பெருக்கல் குறிகள் எல்லாம் லைனல் நிற்கும் இடங்களில்தான். குதிரை உடம்பும் சிங்க முகமுமான அந்த ராட்சசனோடு அவனுக்குத் தனிப் பகை.

என்னுடையது கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி இருந்தது. ஒரு கிராமத்துக்குப் போகக் கிளம்பி, வழியில் ஒரு மலையைப் பார்த்து, அதில் ஏறி, உச்சியிலிருந்து கீழே ஒரு குளத்தைப் பார்த்து, அதற்குள் குதித்து... கிராமத்துக்குப் போய்ச் சேர நாலு நாள். செத்ததெல்லாம் செங்குத்துப் பாறைகளின் அடிவாரத்தில்.

இது என் குணம் மட்டுமல்ல, கேமின் கட்டுமானமும் அப்படித்தான். ஆரம்பத்தில் கிரேட் பிளாட்டோ என்ற மேட்டுநிலத்தில் ஷ்ரைன் எனப்படும் நான்கு புதிர் அறைகளை முடித்து, காற்றில் மிதந்து இறங்க உதவும் கிளைடரை வாங்கும் வரைதான் கட்டுப்பாடு. அதன் பிறகு நேரே கடைசிச் சண்டைக்கே போகலாம், தைரியம் இருந்தால். நிலப்பரப்பை முக்கோண வடிவங்களை வைத்து அமைத்ததாக இதை உருவாக்கியவர்களே 2017இல் ஜப்பானில் நடந்த ஒரு மாநாட்டில் விளக்கினார்கள். முக்கோணமான குன்று பின்னால் இருப்பதை மறைக்கும். மேலே ஏறுவதா, சுற்றிப் போவதா என்று யோசிக்க வைக்கும். தாண்டினால் புதிதாக ஒன்று கண்ணில் படும். எனக்கு இது சொர்க்கம். தம்பிக்கு இடைஞ்சல். "அண்ணா, இது வேலை நேரத்துல யூடியூப் பாக்குற மாதிரி இருக்கு, ஒண்ணு முடிக்கறதுக்குள்ள இன்னொண்ணு" என்றான். அவன் சொன்னதும் தப்பில்லை.

மனைவியின் கோட்டைப் பார்த்துத்தான் இருவரும் சிரித்தோம், அப்புறம் கொஞ்சம் வாயடைத்தோம். மொத்த வரைபடத்தில் ஹட்டேனோ கிராமத்தைச் சுற்றி மட்டும் பச்சை அப்பிக் கிடந்தது. பெருக்கல் குறி மொத்தமே ஏழோ எட்டோ. அந்த ஊரில் இடிக்கப்போகும் ஒரு வீட்டை 3000 ரூபியும் (கேமின் காசு) 30 கட்டு விறகும் கொடுத்தால் வாங்கலாம். நான் அதை முப்பதாவது மணி நேரத்தில் போகிறபோக்கில் வாங்கியிருந்தேன். அவள் அதற்காகவே ஆடினாள். வேட்டையாடி, இறைச்சியைக் குத்திச் சுட்டு விற்று, கிடைத்த மணிக்கற்களை விற்று, இரண்டு வாரத்தில் வாங்கினாள். அப்புறம் கதவு, விளக்கு, பூச்செடி. அதற்கப்புறம் கையிலுள்ள கேமராவில் பூச்சி, மீன், காளான் எல்லாம் படம் எடுத்துச் சேர்க்கும் வேலை. உலகத்தைக் காப்பாற்றும் விஷயத்தை ஒருமுறை ஞாபகப்படுத்தினேன். "நூறு வருஷமா காத்துட்டு இருக்காங்கல்ல, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்றாள்.

ஆயுதம் உடையும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த கேமைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் சண்டை இதில்தான். வாள், ஈட்டி, வில், கேடயம் எல்லாம் சில அடிகளில் நொறுங்கிவிடும். மாஸ்டர் ஸ்வோர்ட் மட்டும் உடையாது. அதுவும் சக்தி தீர்ந்தால் பத்து நிமிடம் உறங்கும், அதை உருவவே 13 இதயம் (உயிரின் அளவு) சேர்த்திருக்க வேண்டும். தம்பிக்கு இதில் உண்மையான கோபம். கஷ்டப்பட்டு லைனலை வீழ்த்தி வாங்கிய வாள் அடுத்த சண்டையிலேயே போனால் உழைப்புக்கு என்ன மரியாதை என்பான். நான் அதற்கு நேர் எதிர்: உடையும் என்று பயந்து நல்லதை எடுக்கவே மாட்டேன். பீரோவில் பட்டுப்புடவை மாதிரி மூன்று அரச வாள்களை இன்றுவரை பூட்டி வைத்துக்கொண்டு, துருப்பிடித்த கத்தியோடு சண்டைக்குப் போகிறேன். மனைவிக்கு இது ஒரு விஷயமே இல்லை. கையில் உள்ளது உடைந்தால் கரண்டியை எடுப்பாள். நிஜமாகவே சூப் கிண்டும் கரண்டி ஒரு ஆயுதம். இந்த அமைப்பு யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்று கேட்டால், அவளை என்றுதான் சொல்வேன்.

மழையிலும் இதே கதை. மழை பெய்தால் பாறை வழுக்கும். நாலைந்து எட்டு ஏறியதும் சறுக்கி இறங்கும். மலையேறுவதற்காகவே ஆடும் எனக்கு ஃபேரோன் காட்டு மழை கொடுமை. அவள் மழை வந்தால் ஒரு பாறைக்கடியில் தீ மூட்டி, காலை வரை உட்கார்ந்துவிடுவாள்.

இப்படி ஆளுக்கொரு முத்திரை குத்தி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ரிச்சர்ட் பார்ட்டில் என்பவர் 1996லேயே, எழுத்தால் ஓடிய பழைய மட் ஆட்டங்களைப் பார்த்து, ஆடுகிறவர்களைச் சாதிப்பவர், தேடுபவர், பழகுபவர், தாக்குபவர் என்று நாலாகப் பிரித்தார். தம்பி சாதிப்பவன், நான் தேடுபவன் என்று பொருத்திப் பார்த்தேன். ஈவன்டைட் தீவில் அது உடைந்தது. அந்தத் தீவில் கால் வைத்ததும் ஆயுதம், உடை, சாப்பாடு எல்லாம் பறிபோகும். வெறுங்கையோடு மூன்று உருண்டைகளை மூன்று பீடங்களில் சேர்க்க வேண்டும். சேர்த்த பொருளுக்காக அழும் தம்பிக்கு இது வெறுத்துப் போயிருக்க வேண்டும். மொத்த கேமிலும் அவனுக்கு மிகப் பிடித்தது அதுதான். சுதந்திரமாகச் சுற்றுகிறவன் என்று பெருமைப்பட்ட நான் இரண்டு முறை செத்து, கூகுளில் வழி தேடினேன்.

இன்னொரு விஷயம் வருடங்கள் ஓடிய பிறகுதான் தெரிந்தது. 2018இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ஐ தம்பியின் பிளேஸ்டேஷனில் ஆரம்பித்து, பனிமலை அத்தியாயத்திலேயே விட்டுவிட்டேன். மானைச் சுட்டால் தோலை உரிப்பதை முழுதாகப் பார்க்க வேண்டும், குதிரைக்குத் தேய்த்துவிட வேண்டும். யாருக்கு இவ்வளவு பொறுமை என்று தோன்றியது. 2020 ஊரடங்கில், வெளியே போக வழியில்லாத மே மாதத்தில், அதே கேம் அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. அந்த நிதானம்தான் அப்போது தேவைப்பட்டது. 2021இல் மகள் பிறந்தாள். ஆட்டம் இரவு பத்தரைக்கு மேல் அரை மணி நேரம், அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள் என்றானது. நான் உயிராக நினைத்த பிரெத் ஆஃப் தி வைல்ட் அப்போது சுமையாகிவிட்டது. பத்து நாள் கழித்துத் திறந்தால் ஒரு குன்றின் மேல் நிற்கிறேன். எதற்கு இங்கே வந்தேன் என்று ஞாபகமில்லை. கேமும் சொல்லாது.

தம்பி பரிந்துரைத்த தி விட்சர் 3 அப்போதுதான் கை கொடுத்தது. 2015இல் வந்தது, சேமித்த ஆட்டத்தைத் திறக்கும்போதெல்லாம் இதுவரை நடந்த கதையை டாண்டிலியன் என்ற பாணன் குரலில் சுருக்கிச் சொல்லும். எங்கே போக வேண்டும் என்று புள்ளி வைத்த கோடும் உண்டு. முன்பு நான் கேலி செய்த கோடு அது. இப்போது அதைப் பிடித்துக்கொண்டுதான் 'பிளடி பாரன்' என்ற பிரபுவின் கதையை ஆறு வாரத்தில் முடித்தேன். வரைபடத்தில் ஸ்கெல்லிகே கடல் முழுக்க மிதக்கும் கேள்விக்குறிகளை மட்டும் தொடவில்லை. படகில் போய்ப் போய்ப் பெட்டி திறக்கும் அந்த வேலைக்கு யாரும் ஆசைப்பட்டுப் பார்த்ததில்லை. நானும் தம்பியும் சண்டையில்லாமல் ஒத்துப்போன ஒரே கேம் கோஸ்ட் ஆஃப் சுஷிமா. அதில் திரையின் மூலையில் வழிகாட்டும் சின்ன வரைபடம் கிடையாது. காற்று வீசும் திசைதான் வழி. அவன் காற்றோடு போனான், நான் நரிக்குப் பின்னால் போனேன்.

2023 மே 12இல் பிரெத் ஆஃப் தி வைல்டின் தொடர்ச்சியான டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் வந்ததும் எல்லாம் தலைகீழானது. அதே ஹைரூல் நாடு, மேலே வானத்தீவுகள், கீழே இருண்ட பாதாளம். எந்தக் குச்சியிலும் ஒரு ராட்சசன் கொம்பை ஒட்டி ஆயுதமாக்கலாம் என்றதும் தம்பியின் பழைய கோபம் போய்விட்டது. உடைந்தால் இன்னொன்று ஒட்டுகிறான். பொருட்களை ஒட்டிச் சேர்க்கும் அல்ட்ராஹேண்ட் சக்தியை வைத்து வண்டி, விமானம் செய்தே நூறு மணி நேரத்தைத் தாண்டினான். நெடுஞ்சாலைக்காரன் நட்டுநடுக்காட்டில் பட்டறை போட்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்குப் பாதாளம் ஆகவில்லை. இருட்டில் ஏற மலை தெரிந்தால்தானே. மனைவி ஆரம்பித்து, ஒழுங்காக ஹட்டேனோ போய்ச் சேர்ந்தாள். அவள் வாங்கிய வீடு அங்கே இப்போது இளவரசி ஸெல்டாவின் வீடு. "நான் இறைச்சி வித்து வாங்குன வீடுங்க அது" என்றவள் அதோடு கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள். வேறு ஊர்ப் பக்கம் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார வாய்ப்பிருந்தால் பிரெத் ஆஃப் தி வைல்ட் வாங்குங்கள். அரை மணி அரை மணியாக ஆடுகிறவர்கள் விட்சரில் தொடங்கலாம். பிரெத் ஆஃப் தி வைல்டில் ஆங்காங்கே ஒளிந்திருக்கும் 900 கோரோக் விதைகளையும் சேர்க்க நினைப்பவர்களை நான் தடுக்கவில்லை; பரிசாகத் தங்கச் சாணி மாதிரி ஒன்று கிடைக்கும்.

போன வாரம் மறுபடி பழைய கேமைத் திறந்தேன். என் கணக்கு 260 மணி நேரத்தைத் தாண்டிவிட்டதால் ஹீரோஸ் பாத்தில் ஆரம்ப நாட்கள் அழிந்துவிட்டன. கிரேட் பிளாட்டோவில் ஒரு கோடு இல்லை, முதல் முறை விழுந்து செத்த பாறையடியில் குறியும் இல்லை. மனைவி இன்னும் தொண்ணூறு மணி நேரத்தைத் தாண்டாததால் அவளுடையது முழுசாக இருக்கிறது, குகையிலிருந்து வெளியே வந்து ஆப்பிள் பொறுக்கிய இடம் உட்பட.