ஊருக்குப் போகும்போது பூனை: நண்பர் நம் வீட்டுக்கு வருவதா, போர்டிங்கா?

சென்னை மாதிரி ஊரில் அடுக்குமாடி வீட்டில் பூனை வளர்ப்பவர் வெளியூர் கிளம்பினால் நான்கு வழி உண்டு. நண்பர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், வந்து தங்கலாம், பூனையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இல்லையென்றால் காசு கொடுத்து போர்டிங், அதாவது பூனைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் விடலாம். நாய்க்கு ஆள் முக்கியம், பூனைக்கு இடம். அதனால் பூனை தன் வீட்டிலேயே இருக்கும் முதல் இரண்டுக்கும்தான் எங்கள் ஓட்டு.

மூன்று நான்கு நாள் பயணத்துக்கு வந்து போவதே போதும், ஆனால் காலையும் மாலையும் வரவேண்டும். ‘ஆட்டோமேட்டிக் ஃபீடர் இருக்கே, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தா ஆகாதா?’ என்றால், ஆகாது. ஃபீடர் தீனியைப் போடும். பூனை தின்றதா என்று பார்க்காது. பேட்டரி இல்லாத ஃபீடர் கரண்ட் போனால் நின்றுவிடும். எறும்பு மொய்த்த தீனியைப் பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும் (தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே கிண்ணத்தை வைத்தால் எறும்பு ஏறாது). பருமனான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். வெட் ஃபுட் (ஈரத் தீனி) வைத்தால், நம் வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். வந்து போகிறவருக்கு அது சிரமம், டிரை ஃபுட்டே (உலர் தீனி) தோது.

வருகிறவர் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் லிட்டர் தட்டு, அதாவது பூனை மலசலம் கழிக்கும் மணல் தட்டு. மணல் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். சிறுநீர் பட்டு மணல் திரளும் கட்டிகளைத் தினமும் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கமாக மூன்று கிடக்கும் தட்டில் ஒன்றுகூட இல்லையென்றால் விஷயம் இருக்கிறது. ஆண் பூனை திரும்பத் திரும்பத் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது ஒன்றுமே வரவில்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். இதை மலச்சிக்கல் என்று எடுத்துக்கொள்வது சகஜம். விடியட்டும் என்று பொறுக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும். கட்டியாகும் மணலை மட்டும் கக்கூஸில் கொட்டவே வேண்டாம். குழாய் அடைத்து, கீழ்வீட்டுக்காரரோடு சண்டையில் போய் முடியும்.

ஒரு வாரத்துக்கு மேல் என்றால் தங்குவதுதான் சரி. வீட்டுக்கும் அது நல்லது. பூட்டிய வீட்டில் பாத்ரூம் வடிகாலில் தண்ணீர் வற்றினால் நாற்றமும் கரப்பானும் மேலே வரும். ஆள் இருந்தால் தானாகவே தண்ணீர் போகும். ஐப்பசி மழையில் ஜன்னல் ஒழுகினாலும் அன்றே தெரிந்துவிடும். சிக்கல் வேறு பக்கம்: பூனை வளர்க்காத நண்பர் பாசமாகப் பால் வைப்பார், அதற்கு வயிறு போகும். தரையை ஃபினாயில் போட்டுத் துடைப்பார். அந்த வகைக் கிருமிநாசினி பூனைக்கு விஷம், பாதத்தில் ஒட்டியதை அது நக்கிவிடும். பால்கனிக் கதவைக் காற்றுக்குத் திறந்து வைப்பார். வாஷிங் மெஷினைப் போடுமுன் பூனை உள்ளே படுத்திருக்கிறதா என்று டிரம்முக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது. இவ்வளவையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோவது சுலபமாகத் தோன்றும். பூனைக்கு அதுதான் கஷ்டம். கட்டிலடியில் ஒண்டிக்கொண்டு ஒரு நாள் சாப்பிடாமலும் கிடக்கும். வேறு வழியில்லை என்றால் வீடு முழுக்கத் திறந்துவிடாமல் ஒரே அறையில், துவைக்காத பழைய போர்வையோடும் அதன் சொந்தத் தட்டோடும் விடுங்கள். வெல்க்ரோ கொசுவலையை நம்பி ஜன்னலைத் திறக்காதீர்கள்; நகம் மாட்டினால் பிய்ந்துவிடும்.

போர்டிங்கில் சரிபார்க்க வேண்டியது பெரிதாக ஒன்றுதான். வருகிற எல்லாப் பூனைக்கும் தடுப்பூசி அட்டை கேட்கிறார்களா? பூனைகளைத் தாக்கும் பான்லூக்கோபீனியா வைரஸ் கூண்டிலும் தரையிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். உங்களிடம் அட்டை கேட்காத இடம் பக்கத்துக் கூண்டுக்காரரிடமும் கேட்டிருக்காது. கிளம்பும் முன்தினம் போட்ட ஊசி பயன்படாது. குட்டிக்கு மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு முறையாவது போட வேண்டும். நாய் குரைப்பு கேட்காத தனி அறையும் இருந்தால், உதவ ஆளே இல்லாதவர்களுக்குப் போர்டிங் மோசமில்லை.

எந்த வழியானாலும் மருத்துவரின் நம்பரும், ‘அவசரமென்றால் இவ்வளவு ரூபாய் வரை என்னைக் கேட்காமல் செலவழிக்கலாம்’ என்ற ஒரு வரியும் பார்த்துக்கொள்கிறவர் கையில் இருக்க வேண்டும். விமானத்தில் இருக்கும்போது உங்கள் போன் எடுக்காது.