அப்பத்தாவுக்கு கண் ஆபரேஷன் பண்ணுன இலவச முகாம் - எங்க அனுபவம்

எங்க அப்பத்தாவுக்கு ரெண்டு வருஷமா கண்புரை, ஆஸ்பத்திரின்னு பேச்செடுத்தாலே "இந்த வயசுக்கு மேல எதுக்குய்யா செலவு"ன்னு எந்திரிச்சு போயிரும். போன மாசம் மானாமதுரை பக்கம் எங்க ஊர் ஸ்கூல்ல அரவிந்த் கண் ஆஸ்பத்திரி முகாம் நடந்துச்சு. ஆட்டோல மைக் கட்டி தெருத்தெருவா சொல்லிட்டுப் போனாங்க, பக்கத்து வீட்டு கெழவி கெளம்பவும் அப்பத்தாவும் சீலைய மாத்திட்டு கெளம்பிருச்சு.

பதிவு, பார்வை டெஸ்ட், பிரஷர், சுகர், கடைசியா டாக்டர், எங்கயும் தேங்கி நிக்கல. ஆபரேஷன் வேணும்னு சொன்னவங்கள அன்னைக்கே பஸ்ல மதுரைக்கு கூட்டிட்டுப் போயி மறுநாள் லென்ஸ் வச்சு திரும்ப ஊர்லயே கொண்டாந்து எறக்கி விட்டாங்க, சாப்பாடு மருந்து கறுப்பு கண்ணாடி எதுக்கும் ஒத்த பைசா கேக்கல.

செலவு யாரு பண்றாங்கன்னு கேட்டேன். நோட்டீஸ், மைக், பந்தல், முகாம் சாப்பாடு இதெல்லாம் உள்ளூர் ஸ்பான்சர். ஆபரேஷன் செலவு ஆஸ்பத்திரியோடது, காசு கட்டி பாக்குறவங்க குடுக்குற பணமும் அரசாங்கம் ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு குடுக்குற மானியமும் அதுக்குப் போகுது. எனக்கு அந்த உள்ளூர் ஸ்பான்சர் விஷயந்தான் ரொம்ப புடிச்சது, ஏன்னா ஆபரேஷன் இலவசம்னு மட்டும் சொன்னா எங்க ஊர்ல பாதி பேர் போயிருக்க மாட்டாங்க, பஸ் காசு வேணும், தொணைக்கு ஒரு ஆள் கூலிய விட்டுட்டு வரணும், பயம் வேற. ஊர்லயே முகாம் நடத்த ஸ்பான்சர் போடுற கொஞ்சப் பணந்தான் அந்த தடைய ஒடைக்குது.

1976ல கண் டாக்டர் வெங்கடசாமி ரிட்டயர் ஆனப்புறம் வெறும் 11 படுக்கையோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி இது. 1992ல செவா ஃபவுண்டேஷன் மாதிரி வெளிநாட்டு நன்கொடை அமைப்புங்க உதவியோட ஆரோலேப்னு சொந்தமா ஒரு தொழிற்சாலை தொடங்கி, கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸயும் இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க, வெளிநாட்டு லென்ஸ் விலைய விட பல மடங்கு கம்மில. வருஷா வருஷம் லென்ஸுக்குன்னு கையேந்தாம, ஒரு தடவ வந்த உதவிய தொழிற்சாலையா மாத்திட்டாங்க பாருங்க, அதுதான் பெரிய விஷயம்.

ஒரே ஒரு வருத்தம், அது ஸ்பான்சர் பண்ணுனவங்க மேல. சால்வை, பேச்சு, போட்டோன்னு முக்கா மணி நேரம் மேடையில ஓட்டிட்டாங்க, காலைல வெறும் வயித்தோட வந்த பெருசுங்க வெயில்ல உக்காந்திருந்தாங்க. குடுக்குற மனசு நல்ல மனசுதான், அந்த மரியாதைய முகாம் முடிஞ்சப்புறம் வச்சுக்கலாமே.

இப்ப அப்பத்தா அரிசில கல்லு பொறுக்குது, ஊசில நூல மட்டும் இன்னும் என்கிட்டதான் குடுக்குது. ஒரு மாசம் கழிச்சு வர்ற செக்கப்ப விட்றாதீங்க. போறப்ப பெரியவங்களோட சுகர், பிரஷர் மாத்திரை சீட்ட மறக்காம கையில குடுத்து விடுங்க, மொத டேபிள்லயே கேக்குறாங்க.