ஒன்றாம் வகுப்புக்கு முன் எழுதிப் பழக: சிலேட்டா, நோட்டா, ரைட்டிங் பேடா?

ஜூனில் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போகப்போகிறது என்றால், ஏப்ரல் மே இரண்டு மாதமும் வீட்டில் எதில் எழுத வைப்பது என்ற கேள்வி வரும். கடையில் மூன்று பொருள் இருக்கும்: மரச்சட்டம் போட்ட கல் சிலேட்டு, பென்சிலும் இரட்டைக்கோடு நோட்டும், பட்டனை அழுத்தினால் அழிகிற எல்சிடி ரைட்டிங் பேட். என் ஓட்டு சிலேட்டுக்கு. அதற்காக மற்ற இரண்டும் வீண் என்று சொல்லமாட்டேன்.

சிலேட்டு கனம், கீழே விழுந்தால் உடையும். நோட்டு தீர்ந்துகொண்டே இருக்கும். ரைட்டிங் பேடில் தூசி கிடையாது. இதெல்லாம் பார்த்ததுமே தெரிவதுதான். பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்று: பிள்ளை ஓர் எழுத்தை எங்கே தொடங்கி, எந்தப் பக்கம் திரும்பி, எங்கே முடிக்கிறது என்பது உங்கள் கண்ணில் படுகிறதா? தப்பாக இருந்தால் அந்த இடத்திலேயே திருத்த முடிகிறதா?

நோட்டு இந்த இடத்தில்தான் ஏமாற்றும். ஒரு பக்கம் ‘ட’ எழுதச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்புங்கள். பக்கம் நிறைந்திருக்கும், அழகாகவும் இருக்கும். எழுதிய விதம் வேறாக இருக்கும்: முதலில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக நெட்டுக் கோடுகள், பிறகு ஒவ்வொன்றின் காலிலும் ஒரு படுக்கைக் கோடு. பிள்ளை ‘ட’ எழுதவில்லை, கோடுகளைச் சேர்த்து ஒட்டியிருக்கிறது. ‘ட’ மேலிருந்து இறங்கி, கையை எடுக்காமல் வலப்பக்கம் திரும்பவேண்டிய எழுத்து. ‘ப’வும் அப்படித்தான்: இறங்கி, திரும்பி, ஏறவேண்டும். அதை மூன்று துண்டாகப் போடும் பிள்ளைகள் நிறைய.

‘ட’வோடு போனால் பரவாயில்லை. வினை ‘ன’, ‘ண’ வரும்போது தெரியும். இடப்பக்கச் சுழியில் தொடங்கி எழுதினால் இரண்டு சுழியா மூன்று சுழியா என்பது கைக்கே தெரிந்துவிடும். வலப்பக்கக் கோட்டை முதலில் போட்டுவிட்டுச் சுழியைப் பின்னால் ஒட்டுகிற பிள்ளைக்கு எண்ணிக்கை தவறும். மூன்றாம் வகுப்பில் ‘இந்தப் பிள்ளைக்கு ணகர னகரப் பிழை’ என்று சொல்வார்கள். அதில் பாதி காது செய்த பிழை இல்லை, கை செய்த பிழை. நூறு தடவை தப்பாக ஓடிய கையைத் திருப்புவதற்குப் புதிதாகச் சொல்லித்தருவதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

சிலேட்டில் எதுவும் மிஞ்சாது. பக்கம் நிறைந்ததா என்று பிறகு வந்து பார்க்க வழியில்லை என்பதால் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும். சிலேட்டின் பெரிய நன்மையே அந்தத் தொந்தரவுதான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஓர் எழுத்து. தப்பென்றால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, மறுபடி. ரப்பர் தேய்த்துத் தாள் கிழிவதும் அதற்கொரு அழுகையும் இல்லை. காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் போதும். முதல் வாரம் எழுத்தே வேண்டாம்: நெட்டுக் கோடு, படுக்கைக் கோடு, சாய்வு, வட்டம், சுழி. பிறகு ட, ப, ம என்று நேர்க்கோட்டில் தொடங்குகிற எழுத்துகள். அகர வரிசை என்பதற்காக ‘அ’வில் தொடங்கினால் சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நெட்டுக் கோடு எல்லாம் ஒரே எழுத்தில் வந்து பிள்ளை மிரளும். 247 எழுத்தையும் முடித்துவிட்டு அனுப்பவேண்டிய கட்டாயமும் இல்லை. அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அடிப்படையிலிருந்துதான் தொடங்குகிறது. சேர்க்கையின்போது பிள்ளைக்குத் தேர்வு வைப்பதையே 2009 கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது.

அடுத்தது பிடி. முழு நீளக் குச்சியைக் கொடுத்தால் பிள்ளை அதை உலக்கைபோல் முஷ்டியில் பிடிக்கும். இரண்டாக உடைத்து ஒன்றரை அங்குலத் துண்டாகக் கொடுங்கள். அவ்வளவு சின்னதை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். பென்சிலுக்கும் இதே வைத்தியம்தான், புதுப் பென்சிலை அப்படியே கொடுக்காமல் பாதியாக நறுக்கிச் சீவிக் கொடுக்கலாம். கல்லில் குச்சி உராயும்போது வரும் இழுவையும் ஓர் உதவி. கை வழுக்கி ஓடாமல் நிதானப்படும்.

புதுச் சிலேட்டு வழவழப்பாக இருந்தால் அடுப்புக்கரியும் கோவை இலையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவிக் காயவைப்பது பழைய முறை, இன்றும் பலிக்கும். பிளாஸ்டிக் சிலேட்டு சில வாரத்தில் பளபளத்துப்போய்க் குச்சி பிடிக்காது. நைசான உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்புத் தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும். தகரச் சிலேட்டு வேண்டாம், விளிம்பு கையைக் கிழிக்கும். குச்சி கிரீச்சிட்டால் செங்குத்தாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், சாய்க்கச் சொல்லுங்கள். எச்சில் தொட்டு அழிப்பதை முதல் நாளே நிறுத்தவேண்டும். ஒரு டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச் வைத்துவிட்டால் அந்தப் பழக்கம் வராது.

குச்சி தின்பது தனி விஷயம். எப்போதாவது கடித்துப் பார்ப்பது வேறு, ஒளித்துவைத்துத் தின்பது வேறு. இரண்டாவது என்றால் அதட்டி நிறுத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு இப்படியும் வெளிப்படும்.

ரைட்டிங் பேடைப் பற்றி நான் சொல்வதைப் பாதி எடைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மட்டுமே எழுதிப் பழகிப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளை அதிகம் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரிந்தவரை குறை இரண்டு: திரை வழுக்குவதால் கோடு அடங்காமல் ஓடுகிறது, எழுதுவதைவிட அழிக்கிற பட்டன்மேல்தான் பிள்ளைக்கு ஆசை. ரயில் பயணத்துக்கு நல்ல பொருள். வாங்கினால் பின்பக்கம் பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பது காசுபோன்ற பட்டன் பேட்டரி. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய காரியம்.

இடக்கைப் பிள்ளைக்கு மட்டும் சிலேட்டை அவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். எழுதியதை அதன் கையே துடைத்துக்கொண்டு போகும். சிலேட்டை உடம்பின் இடப்பக்கம் தள்ளி, சற்றுச் சாய்த்து வைத்துப் பாருங்கள். அப்படியும் அழிந்தால் கோடில்லாத வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்துவிடலாம்.

நோட்டு எப்படியும் வேண்டும், பள்ளியில் அதுதான். மே கடைசியில் இரண்டு மூன்று வாரம் அதற்கு ஒதுக்குங்கள். நேராக இரட்டைக்கோட்டில் இறக்காமல் முதலில் கோடில்லாத தாள், பிறகு பெரிய கட்டம் போட்ட நோட்டு, கடைசியில் இரட்டைக்கோடு; ஒரு நாளைக்கு அரைப்பக்கம். சிலேட்டின் பாதகம் ஒன்று இங்கே தலைகாட்டும்: கல்லில் அழுத்திப் பழகிய கை தாளிலும் அழுத்தும், பென்சில் முனை உடைந்துகொண்டே இருக்கும். 2பி பென்சில் கொடுத்தால் லேசாக எழுதினாலும் கறுப்பாக விழும், அழுத்தத் தோன்றாது. எழுதி முடித்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவச் சொல்லுங்கள். கோடு மேடாகத் தட்டுப்படுகிறதா என்று பிள்ளையே பார்க்கட்டும்.