22 படமும் போச்சு, 22,200 ரூபாயும் போச்சு: படம் வரைபவர்கள் படியுங்கள்

நேற்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. புத்தகக் காட்சியில் நான் படம் வரைந்த புத்தகத்தை நானே காசு கொடுத்து வாங்கினேன். விலை 180, கழிவு 10 சதவீதம் போக 162. அதே புத்தகத்துக்கு எனக்கு வர வேண்டியது 22,200 ரூபாய். ஒரு பைசா வரவில்லை. ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லவில்லை. குழந்தைகள் புத்தகம் போடும் ஒரு சின்னப் பதிப்பகம். அதன் உரிமையாளர் ஆகஸ்டில் வீடு தேடி வந்தார். அம்மா போட்ட காபியைக் குடித்துக்கொண்டே என் பழைய நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு யானைப் படம் வந்ததும் நிறுத்தி, "தம்பி, இந்தக் கண்ணுல தூக்கம் தெரியுதே, எப்படி?" என்றார். மூன்று நாள் அந்தக் கண்ணோடு மல்லுக்கட்டியிருந்தேன். அதுவரை ஒருத்தர்கூட அதைக் கவனித்ததில்லை. அங்கேயே விழுந்துவிட்டேன். உள்படம் 22, தலா 850, அட்டைக்கு 3,500. எல்லாம் வாய்ப்பேச்சு. வீட்டுக்கு வந்த மனிதரிடம் முன்பணம் கேட்க நாக்கு எழவில்லை.

முயலின் காதை மட்டும் நான்கு தடவை மாற்றச் சொன்னார். மாற்றினேன். நவம்பரில், "பிரஸ்ல பிளேட் போடணும், ஃபைலை அனுப்புங்க, சாயங்காலம் ஜிபே பண்ணிடுறேன்" என்றார். முழு அளவு ஃபைலை அப்படியே அனுப்பினேன். அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை.

கேட்கும்போதெல்லாம் அவர் ஒரு சாக்குச் சொன்னார். ஆடிட்டர் ஊரில் இல்லை. நூலக ஆர்டர் வந்ததும் முதல் பணம் உங்களுக்குத்தான். புக் ஃபேர் முடியட்டும். நேற்று ஸ்டாலிலேயே பிடித்துக் கேட்டேன். "வீட்ல உக்காந்து வரையறதுதானே தம்பி, பேர் போட்டிருக்கோமே, அதுவே விளம்பரம்" என்கிறார். பேர் போட்டிருக்கிறார்கள்தான். அச்சகத்தின் பெயருக்குக் கீழே, எழுத்துப்பிழையோடு.

அச்சகத்துக்கும் பேப்பர் கடைக்கும் பைண்டிங்குக்கும் பணம் போய்விட்டது. அவரே சொன்னார். கொடுக்காவிட்டால் கட்டு வெளியே வராது இல்லையா. என் ஃபைல்தான் முன்பே போய்விட்டதே. 22,200 ரூபாய், அண்ணே. எனக்கு அது இரண்டு மாத வாடகை.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. பாதிப் பணம் கைக்கு வராமல் பென்சிலைத் தொடாதீர்கள். மீதி வரும்வரை வாட்டர்மார்க் போட்ட சின்ன அளவுப் படம் மட்டும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலாவது தொகையை எழுதி வாங்குங்கள். உரிமை யாருக்கு என்பதைக் கையெழுத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். காசுக்கு வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு. எனக்கே இது நேற்று ராத்திரிதான் தெரியும். வரைந்தவர் நான்தான் என்று கேட்கும் உரிமை 57-வது பிரிவில் தனியாக இருக்கிறது. நாளைக்கு ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறேன். அவர் ஃபீஸை முன்பணமாகக் கேட்டிருக்கிறார்.