இரவிகுளம் தேசியப் பூங்கா: எப்போது போகலாம், எதை எதிர்பார்க்கலாம்?

மூணாற்றில் வாடகை வண்டி அமர்த்துவோருக்கு ஓட்டுநர்கள் சொல்லும் ஒரு நாள் பட்டியலில், மாட்டுப்பட்டி அணை, தேயிலை அருங்காட்சியகம் ஆகியவற்றோடு ராஜமலையும் தவறாமல் இடம்பெறும். இரவிகுளம் தேசியப் பூங்காவில் பொதுமக்கள் அனுமதிக்கப்படும் பகுதியின் பெயர்தான் அது. அந்தப் பட்டியலின் வரிசைப்படி நண்பகலுக்குப் பிறகு அங்கே போய்ச் சேர்வோர், கூட்டத்தில் நின்று சீட்டு வாங்கி, மூடுபனிக்குள் சிறிது தூரம் நடந்துவிட்டு, இதற்காகவா இவ்வளவு தொலைவு வந்தோம் என்ற சலிப்புடன் திரும்புவதைப் பார்க்கலாம். அதே இடத்துக்குக் காலை முதல் பேருந்தில் ஏறிச் சென்றால் கிடைக்கும் அனுபவம் முற்றிலும் வேறானது. ஆகவே, இந்தப் பூங்காவுக்குத் தனியாக ஒரு காலைப்பொழுதை ஒதுக்க முடியாதவர்கள் இதைப் பயணத்திட்டத்திலிருந்து நீக்கிவிடுவதே நல்லது என்பேன்.

பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். அதில் நமக்குத் திறந்திருப்பது ஓர் ஓரம் மட்டுமே. சொந்த வண்டியை ஐந்தாம் மைல் எனப்படும் நுழைவிடத்தில் நிறுத்திவிட்டு, வனத்துறையின் பேருந்தில் தேயிலைத் தோட்டங்களின் ஊடாக மேலேற வேண்டும். பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து சரிவை ஒட்டிச் செல்லும் பாதையில் நடந்து சென்று, அதே வழியில் திரும்ப வேண்டும். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமாகிய ஆனைமுடி (2,695 மீட்டர்) இப்பூங்காவின் தென்பகுதியில்தான் எழுந்து நிற்கிறது என்றாலும், சுற்றுலாப் பயணிகள் அதன்மேல் ஏற அனுமதியில்லை. மலையேற்றத்தை எதிர்பார்த்து வருவோருக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும். முதியவர்களையும் சிறுவர்களையும் அழைத்துச் செல்லும் குடும்பங்களுக்கோ, இத்தனை உயரத்திலுள்ள புல்வெளியை இவ்வளவு எளிதில் காட்டும் இடங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் அதிகமில்லை.

இந்த நடையின் சிறப்பு வரையாடுதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கான இதை நம் பக்கத்து மலைகளில் காண வேண்டுமானால், பெரும்பாலும் தொலைநோக்கியுடன் எட்டத்தில் நின்று பாறை விளிம்புகளைத் துழாவ வேண்டியிருக்கும். ராஜமலையில் அவை பாதையோரத்திலேயே மேய்கின்றன. மனிதர் நடமாட்டத்தைச் சற்றும் பொருட்படுத்துவதில்லை. உலகில் வரையாடுகள் மிக அதிக எண்ணிக்கையில் வாழும் இடமும் இதுவே. இந்த அச்சமின்மைக்கு ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயத் தோட்டத்துரைகள் தங்கள் வேட்டைக்காகவே இம்மலையைக் காத்துவந்தனர். வெளியார் வேட்டை கட்டுப்படுத்தப்பட்டதால் மந்தைகள் அழியாமல் நிலைத்தன. கேரள அரசு 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இப்பகுதியை உள்ளடக்கிய கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்டெடுத்த பின், 1975-இல் இது சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வேட்டைப் பிரியர்கள் வளர்த்த காவல் ஏற்பாடு, வேட்டையே இல்லாத பூங்காவுக்கு அடித்தளமாக அமைந்ததை விந்தை என்றுதான் சொல்ல வேண்டும். இன்று பாதையை விட்டு ஓர் அடி விலகினாலும் காவலர்கள் கண்டிப்பது சிலருக்கு எரிச்சலூட்டலாம். அந்தக் கண்டிப்பு தளர்ந்தால் ஆடுகள் இவ்வளவு நெருங்கி நிற்கப்போவதில்லை.

எந்த மாதத்தில் செல்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்கா பார்வையாளர்களுக்கு மூடப்படும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறக்கூடும் என்பதால், அறிவிப்பைப் பார்த்த பிறகே விடுதியைப் பதிவு செய்வது நல்லது. திறந்தவுடன் ஏப்ரலில் சென்றால் குட்டிகளையும் காணலாம். ஆனால் கோடை விடுமுறைக் கூட்டமும் உடன் வரும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த அக்டோபருக்குப் பிறகு, வார நாட்களில் செல்வதே என் தேர்வு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்காகக் காத்திருப்போர் 2030 வரை பொறுத்திருக்க வேண்டும். கடைசியாக அது பெருமளவில் பூத்தது 2018-இல்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடுபனியில் ஆடுகள் தென்படாமல் போவதைவிட, சாலைகளின் நிலையே பெரிய கவலை. 2020 ஆகஸ்டில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் குடியிருப்பு வரிசைகளை மண்சரிவு மூடிய பெட்டிமுடி, ராஜமலைக்கு அப்பால் சற்றுத் தொலைவில்தான் இருக்கிறது. போடிமெட்டு வழியாக வருவோருக்குத் தேவிகுளம் அருகேயுள்ள மலைச்சாலையிலும் மழைக்காலத்தில் சரிவுகள் ஏற்படுவதுண்டு.

தமிழ்நாட்டிலிருந்து செல்ல இரு வழிகள் உள்ளன. தேனி, போடி வழியே ஏறும் பாதை கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. தென் மாவட்டத்தாருக்கு அதுவே வசதி. கோவை, திருப்பூர்ப் பக்கத்தவர்கள் உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக வருவது சிறந்தது. இந்தப் பாதையில் வந்தால் மூணாற்றை அடைவதற்கு முன்பே ஐந்தாம் மைல் வந்துவிடும். சின்னாற்றில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால், பகலில் கடக்கும்படி புறப்பட வேண்டும்.

நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே பெற்றுக்கொள்வது வரிசையில் நிற்கும் நேரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தும். ஞெகிழிப் பைகளுக்கு அனுமதியில்லை. வெயில் நாளிலும் மேலே காற்று குளிர்ந்தே வீசும் என்பதால் கம்பளிச் சட்டை ஒன்று தேவை. ஆடுகளுக்குத் தின்பண்டம் எதையும் நீட்டக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குப் பேருந்திலேயே சொல்லிவைப்பது நல்லது. திரும்பும்போது உடுமலைப் பாதையில் இறங்குபவர்கள் லக்கம் அருவியில் சற்று நின்று, மறையூரில் அங்கேயே காய்ச்சிய வெல்லம் வாங்கிக்கொண்டு செல்லலாம்.