ஏ2 பாலுக்கு மாறினால் வயிற்று மந்தம் போகுமா? நீண்ட நாள் பயன்பாட்டுக் குறிப்பு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பால் குடித்தால் மந்தம், மலச்சிக்கல் என்பவர்கள் ஏ2 பாலுக்கு மாறிப் பார்க்கலாம். சாதாரணப் பால் குடித்தால் சர்க்கரை, மாரடைப்பு, ஆட்டிசம் வரும் என்று யாரோ பயமுறுத்தியதால் கூடுதல் விலை கொடுத்து மாறுவது வீண்.

பசும்பாலின் புரதங்களில் ஒன்றான பீட்டா கேசீன் 209 அமினோ அமிலங்கள் கோத்த சரம். அதில் 67ஆவது மணி ஹிஸ்டிடின் என்றால் ஏ1, புரோலின் என்றால் ஏ2. ஹிஸ்டிடின் இருந்தால் செரிமான என்சைம்கள் அந்த இடத்தில் எளிதாக வெட்டும்; 60 முதல் 66 வரை உள்ள ஏழு மணித் துண்டு கழன்றுவரும். அதுதான் பீட்டா காசோமார்ஃபின்-7. புரோலின் அந்த வெட்டுக்கு லேசில் இடம் கொடுக்காது. இந்த வகைத் துண்டுகளை 1979இல் கண்டறிந்தவர்கள் கேசீனையும் மார்ஃபின் என்ற போதை தரும் வலிமருந்தையும் ஒட்டிப் பெயர் வைத்தார்கள். மார்ஃபின் போய் ஒட்டும் மியூ ஏற்பியில்தான் இதுவும் ஒட்டும், வீரியம் மிகவும் குறைவு. அந்த ஏற்பிகள் குடல் சுவரிலும் உண்டு. அங்கே ஒட்டினால் குடல் அசைவு மெதுவாகும். வயிற்றுப்போக்குக்குப் போடும் லோபராமைடு மாத்திரை செய்வதும் இதே வேலைதான்.

அளவைக் கணக்குப் போட்டால் பயம் தெளியும். 250 மில்லி பசும்பாலில் புரதம் சுமார் 8 கிராம், அதில் பீட்டா கேசீன் 2 கிராம் போல. அவ்வளவும் ஏ1 ஆக இருந்து, அவ்வளவும் வெட்டுப்பட்டாலும் கழன்றுவரும் துண்டு 70 மில்லிகிராமுக்குள்தான். நடப்பில் அதில் சிறு பங்கு. குடல் சுவரிலேயே டிபிபி-4 என்ற என்சைம் அதையும் நறுக்கிவிடும். இதை வைத்து ‘பால் ஒரு போதை’ என்று வீடியோ போடுவதெல்லாம் வியாபாரம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் ஆராய்ந்துவிட்டு, இந்தத் துண்டுதான் நோய்க்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை என்றது. நம் ஊர் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்ட்டில் உறையிலிருந்து ஏ1, ஏ2 வாசகங்களை நீக்கச் சொல்லி, சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆக, உறையில் இருக்கும் எழுத்தை நம்பி வாங்க முடியாது.

ஏ2 என்று சொல்லி நாட்டு மாட்டுப் பால் ஊற்றுகிறவரிடம் எத்தனை மாடு, எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். புலிக்குளம் மாடு வாடிவாசலுக்குப் பேர்போனது, கறவைக்கு அல்ல. கன்று குடித்தது போக மிஞ்சுவது கொஞ்சம்தான். நாலு நாட்டு மாட்டை வைத்து நாற்பது லிட்டர் ஊற்றுகிறார் என்றால் மீதி எங்கிருந்து வருகிறது? பாலின் அடர்த்தியைப் பார்க்கும் லாக்டோமீட்டர் இதைக் காட்டாது. காய்ச்சினாலும் வகை மாறாது. மாட்டின் ரோமத்திலோ ரத்தத்திலோ மரபணுச் சோதனை செய்தால் உறுதியாகத் தெரியும். இன்னொன்று: ஜெர்சி கலப்பு என்றாலே ஏ1 என்பதும் தப்பு, கலப்பிலும் ஏ2 மட்டுமே சுரக்கும் மாடு உண்டு.

பலர் கவனிக்காத விஷயம், எருமைப்பால் ஏ2 வகைதான். தெரிந்த தொழுவத்தில் கண்ணெதிரே கறந்து வாங்கினால் இந்தச் சந்தேகமே வேண்டாம். கொழுப்பு 7 சதவீதம் போல இருப்பதால் அப்படியே குடித்தால் அதுவே மந்தம் தரும்; கேசீனின் மேல் பழி விழும். காய்ச்சி ஆறவைத்து, ஆறு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, ஆடையை முழுக்க வழித்தெடுத்துவிட்டுக் குடியுங்கள்.

சோதிக்கும் முறை: நாளைக்கு 250 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். இரண்டு வாரம் இதுவரை குடித்துவந்த பழைய பால், இரண்டு வாரம் பாலே இல்லை, இரண்டு வாரம் ஏ2, கடைசியாக மறுபடியும் பழைய பால். மலம் கழித்த நேரம், இறுக்கம், உப்புசம் மூன்றையும் அன்றன்றே காலண்டரில் குறியுங்கள். நான்காவது கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழைய பாலுக்குத் திரும்பியதும் சிக்கலும் திரும்பினால்தான் காரணம் பால். இல்லாவிட்டால் அந்த வாரம் கூடுதலாகக் குடித்த தண்ணீராகவும் இருக்கலாம்.

சோதனையைக் கெடுப்பதில் முதலிடம் ஜிகர்தண்டாவுக்கு. பாலைப் பாதியாகச் சுண்டினால் அதே டம்ளரில் கேசீன் இரட்டிப்பு, மேலே ஐஸ்கிரீம் வேறு. பால்கோவா இன்னும் மோசம். கடை டீயையும் கணக்கில் சேருங்கள். நெய்யில் புரதம் அநேகமாக இல்லை, தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம். தயிர், மோர் பரவாயில்லை. தயிரை உறையவைக்கும் கிருமிகளின் என்சைம்கள் இந்தத் துண்டை ஓரளவு உடைக்கின்றன.

குடித்து அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் வயிறு கடமுடா என்று ஓடி, பேதியாகிறதா? அது பெரும்பாலும் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காத தொல்லை. ஏ2 பாலிலும் அதே அளவு லாக்டோஸ் உண்டு, மாறிப் பயன் குறைவு.

பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு ஏ2 மாற்றே அல்ல. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.