ஏரியில் வேகப் படகுகள்: எந்தக் கட்டுப்பாடு உயிரைக் காக்கும்?

வெயில் காலம் வந்தால் ஒரே ஏரியில் எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். கரையோரம் குழந்தைகள் நீந்துகிறார்கள், சற்றுத் தள்ளி ஒரு துடுப்புப் படகு, அதற்கும் அப்பால் தூண்டில் போட்டுக் காத்திருக்கும் ஒருவர். இவர்களுக்கு இடையேதான் ஸ்பீடு போட்டும், பைக்கில்போல் ஏறி உட்கார்ந்து ஓட்டும் ஜெட் ஸ்கீயும் சீறிப் பாய்கின்றன. ஒரு விபத்து நடந்தால் நாலு யோசனைகள் கிளம்பும்: வேகத்துக்கு வரம்பு வையுங்கள், கரையை விட்டுத் தள்ளி ஓட்டச் சொல்லுங்கள், லைசென்ஸைக் கட்டாயமாக்குங்கள், ஜெட் ஸ்கீயையே தடை செய்யுங்கள். ஐந்தாவதை யாரும் உரக்கச் சொல்வதில்லை: லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொள்ளுங்கள்.

இந்த ஐந்தையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். காவல் படகு கண்ணில் படாத நாளிலும் இது வேலை செய்யுமா?

வேக வரம்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள வின்னிபெசாகி ஏரியில் 2009 முதல் பகலில் மணிக்கு 45 மைல், இரவில் 30 மைல்தான் உச்ச வேகம். 45 மைல் என்பது சுமார் 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர். அந்த வேகத்தில் இரண்டு படகுகள் எதிரெதிரே வந்தால், நடுவில் இருக்கும் 200 மீட்டர் ஐந்தே நொடியில் காணாமல் போகும். சாலையில் இருப்பதுபோலத் தண்ணீரில் கோடு கிடையாது, பெரும்பாலான படகுகளுக்கு பிரேக்கும் கிடையாது. இருவருமே சட்டத்தை மீறவில்லை என்பதையும் கவனியுங்கள். போகிற படகு 70இல் போகிறதா, 90இல் போகிறதா என்று கரையில் நிற்பவரால் சொல்லவும் முடியாது. அதற்குக் கருவியோடு ஓர் ஆள் வேண்டும். இரவு வரம்பை மட்டும் நான் முழு மனதோடு ஆதரிப்பேன். இருட்டில், மிதக்கும் மரக்கட்டையும் விளக்கில்லாத கயாக் என்னும் குறுகலான துடுப்புப் படகும் கிட்டே போன பிறகுதான் தெரியும்.

இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரி வேறு வழியில் போனது. 2005 முதல் அங்கே மணிக்கு 10 கடல் மைலுக்கு மேல் போகக் கூடாது. அது ஏறத்தாழ 18 கிலோமீட்டர். இவ்வளவு குறைந்த வரம்பில் ஒரு வசதி உண்டு. முகப்பு எழும்பி, தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு ஒரு படகு போனால், அது அநேகமாக வரம்பை மீறிவிட்டது என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் அந்த வரம்போடு, படகு இழுக்கத் தண்ணீரின் மேல் சறுக்கிப் போகும் வாட்டர் ஸ்கீயிங்கும் அந்த ஏரியை விட்டுப் போய்விட்டது. சிறிய, நெரிசலான ஏரிக்கு இந்த விலை சரி. பெரிய ஏரிக்கு இது தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் பெரிய ஏரிக்குத் தூர விதி இருக்கிறது. அமெரிக்காவின் டாஹோ ஏரியில் கரையிலிருந்து 600 அடிக்குள் வந்துவிட்டால் மணிக்கு 5 மைல்தான். கனடாவின் பல மாகாணங்களில் கரையிலிருந்து 30 மீட்டருக்குள் 10 கிலோமீட்டர். 30 மீட்டர் எனக்குப் போதாது என்று தோன்றுகிறது, ஆனாலும் யோசனை நல்லது. ஒரு வரிசை மிதவையைப் போட்டுவிட்டால் எல்லை எது என்று குழந்தைக்கும் புரியும். மீறியவரை ஏரியே பார்க்கும். அலைக்கும் இதுதான் மருந்து. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நாலு மடங்காகும். கனமான படகு ஒன்று கிளப்பிவிட்டுப் போகும் அலை, ஓட்டியவர் திரும்பிக்கூடப் பார்க்காத நேரத்தில், கயாக்கைக் கவிழ்க்கும், படித்துறையில் நிற்கும் சிறுவனைச் சறுக்கி விழவைக்கும். ஏரியின் நடுவில் இந்த விதி உதவாது. அங்கே ஓட்டுபவரின் கண்தான் துணை.

ஜெட் ஸ்கீயின் மேல் வரும் கோபம் எனக்குப் புரிகிறது. அது பின்னால் பீய்ச்சும் தண்ணீரின் விசையால்தான் திரும்புகிறது. த்ராட்டிலை, அதாவது வேகம் கொடுக்கும் விசையை, விட்டால் பீய்ச்சல் நிற்கும், அதோடு திருப்பும் திறனும் போய்விடும். பயந்தவுடன் கை செய்வது என்ன? த்ராட்டிலைத்தான் விடும். கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகப் போய் மோதும். பொழுதுபோக்குப் படகுகளில், மூழ்குவதைவிட மோதி அடிபட்டு அதிகம் பேர் இறப்பது இந்த ஒரு வகையில்தான் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998இல் சொன்னது. பிறகு வந்த சில மாடல்களில் பிரேக் போன்ற ஏற்பாடு உண்டு. ஆனால் தடை செய்தால் அதே ஆள் அடுத்த வாரம் ஸ்பீடு போட்டில் வந்து நிற்பார்.

அப்படியானால் ஆளைத்தானே திருத்த வேண்டும், லைசென்ஸ் கொடுங்கள் என்பார்கள். கனடாவில் 2009 செப்டம்பர் முதல், மோட்டார் பொருத்திய உல்லாசப் படகை ஓட்டும் எல்லோருக்கும் தகுதிச் சான்று கட்டாயம். நல்லதுதான். வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் மோட்டார் படகுக்கு வழிவிட வேண்டும், நேர் எதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதைச் சான்று வாங்கியவர் ஒருமுறையாவது படித்திருப்பார். ஆனால் தேர்வை எழுதிவிட்டால் அட்டை ஆயுளுக்கும் செல்லும், படகைத் தொட்டே பார்க்காமல்கூட வாங்கலாம். குடிப்பதை அது தடுக்காது. உயிரைக் குடித்த விபத்துகளில், தெரிந்த காரணங்களுள் மதுவே முன்னால் நிற்கிறது என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அறிக்கை ஆண்டுதோறும் சொல்கிறது.

அதே காவல்படையின் 2023 கணக்கைப் பாருங்கள். உல்லாசப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். இறப்பின் காரணம் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மூழ்கி இறந்தவர்கள். அந்த மூழ்கியவர்களில், விவரம் கிடைத்தவர்களை எடுத்துக்கொண்டால், 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் அணியவில்லை. பலருக்கு அது இருக்கைக்கு அடியில் இருந்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதல் நிமிடம் மூச்சு தானாக வாங்கும், அந்த நேரத்தில் இருக்கைக்கு அடியில் கிடப்பதால் என்ன பயன்? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2005 டிசம்பரில் சிறு படகுகளில் அணிந்தே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அதன்பின் அங்கே படகிலிருந்து விழுந்து மூழ்குபவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அணிந்திருக்கிறாரா இல்லையா என்பது கரையிலிருந்தே தெரிகிறது, என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஜெட் ஸ்கீக்கு மட்டும் நுரை வைத்த ஜாக்கெட்டையே வாங்குங்கள், காற்று நிரம்பி விரியும் வகை அந்த வேகத்தில் விழுவதற்கு ஏற்றதல்ல.

இதற்கு அடுத்த இடத்தை, அந்த ஐந்தில் இல்லாத கில் சுவிட்ச் கயிற்றுக்குக் கொடுப்பேன். ஓட்டுபவர் உடலோடு மாட்டிக்கொள்ளும் கயிறு அது; அவர் விழுந்ததும் எஞ்சினை நிறுத்திவிடும். கயிறு மாட்டாத படகு, ஆளில்லாமல் வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே ப்ரொப்பெல்லரோடு திரும்பி வரும். 26 அடிக்குக் குறைவான படகுகளுக்கு அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். மூன்றாவது தூர விதி, நான்காவது இரவு வேக வரம்பு, அப்புறம் லைசென்ஸ். தடை கடைசியில்தான்.

வாடகைக்கு ஜெட் ஸ்கீ எடுக்கப் போகிறீர்களா? கிளம்புவதற்கு முன் கயிற்றைக் கேட்டு வாங்கி மணிக்கட்டில் மாட்டுங்கள். பிறகு ஆளில்லாத பக்கமாகப் போய், த்ராட்டிலை விட்டால் வண்டி எவ்வளவு தூரம் நேராக ஓடுகிறது என்று இரண்டு முறை பாருங்கள். அடுத்தவரிடமிருந்து குறைந்தது அதைப்போல் பல மடங்கு தூரம் விட்டு ஓட்டுங்கள்.